சக்கரம் புதையாமல் இருந்தால் போதுமா?

பின்லாந்தின் கிழக்கில், ரஷ்ய எல்லையை ஒட்டிய சுவோமுஸ்ஸால்மி வட்டாரத்தில் ஹுக்காயோகி என்றொரு சிற்றாறு ஓடுகிறது. 2024 ஆகஸ்டில் மரம் வெட்டும் கனரக இயந்திரங்கள் அந்த ஆற்றுக்குள் இறங்கின. பாலம் எதுவும் போடப்படவில்லை. ஆற்றுப்படுகையின் மீதே ஏறி, இக்கரைக்கும் அக்கரைக்குமாகத் திரும்பத் திரும்பப் போய்வந்தன. படுகையில் கிடந்தவை நன்னீர் முத்துச் சிப்பிகள். கொற்கையின் முத்து கடலில் விளைந்தது. இது குளிர்ந்த ஆற்று நீரில் விளைவது. நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய இந்த உயிருக்குப் பின்லாந்தில் 1955 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவை ஆயிரக்கணக்கில் நசுங்கிச் செத்தன. மரவெட்டு, ஸ்டோரா என்சோ என்ற பெரும் காகித, மர நிறுவனத்தினுடையது. நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. போலீஸ் விசாரணை தொடங்கியது.

சட்டத்தின் முன் யார் குற்றவாளி, எவ்வளவு அபராதம் என்பதெல்லாம் அந்நாட்டு நீதிமன்றத்தின் வேலை. நமக்கு உறுத்துவது வேறு. காட்டைப் பற்றி இவ்வளவு துல்லியமான வரைபடங்களை வைத்திருக்கும் நாடுகள் உலகத்தில் மிகச் சில. அவற்றில் முதல் வரிசையில் இருப்பது பின்லாந்து. அங்கே, தொழில்நுட்பத்துக்குக் குறையே இல்லாத ஒரு கம்பெனியின் வேலையில், ஓர் ஆறு வண்டிப்பாதையாக்கப்பட்டது. இதை விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட நாம் தயாரில்லை.

அந்த வரைபடங்கள் என்னென்ன சொல்லும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். பின்லாந்தின் நில அளவைத் துறை 2012இல் தன் வரைபடத் தரவுகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. 2020இல் தொடங்கிய தேசிய லேசர் அளவீட்டுத் திட்டத்தில் விமானங்கள் நாடு முழுவதும் பறந்து, ஒரு சதுர மீட்டருக்கு 5 புள்ளி வீதம் தரையையும் மர உச்சியையும் அளக்கின்றன. இலைகளின் இடுக்கு வழியாகத் தரைக்கு இறங்கித் திரும்பும் ஒளி, காட்டுக்கு அடியில் மறைந்துகிடக்கும் மேடு பள்ளத்தையும் ஓடையையும் காட்டிக்கொடுத்துவிடும். இந்த அளவீட்டிலிருந்து 16 மீட்டருக்கு 16 மீட்டர் கட்டம் கட்டமாக, எங்கே பைன், எங்கே ஸ்ப்ரூஸ், எங்கே பிர்ச், எவ்வளவு உயரம், எத்தனை கனமீட்டர் மரம் என்று கணக்கிடுகிறார்கள். 2018இலிருந்து இதுவும் பொதுவில் கிடைக்கிறது. போதாததற்கு, மண் வண்டியைத் தாங்குமா என்று சொல்லும் வரைபடம் ஒன்று உண்டு. நிலத்தை அது ஆறு வகையாகப் பிரிக்கிறது. ஒரு முனையில் ஆண்டு முழுக்க இயந்திரம் போகக்கூடிய நிலம். மறு முனையில் தரை உறைந்துகிடக்கும் பனிக்காலத்தில் மட்டுமே போகக்கூடிய சதுப்பு.

இவ்வளவும் மரம் வெட்டும் இயந்திரமான ஹார்வெஸ்டரின் ஓட்டுநர் கண்முன் திரையில் வந்து நிற்கிறது. இருபது டன் எடையுள்ள வண்டி. ஆறு அல்லது எட்டுச் சக்கரம். பத்து மீட்டர் வரை நீளும் இரும்புக் கை. ஒரு பக்கம், பிடித்த மரத்தின் நீளமும் பருமனும், எந்த இடத்தில் துண்டுபோட்டால் எந்த ஆலை என்ன விலை தரும் என்ற கணக்கும். இன்னொரு பக்கம், கூப்பின், அதாவது வெட்டும் பகுதியின், எல்லைக்கோடு, தடி அடுக்கும் இடம், விட்டுவைக்க வேண்டிய மரக்கூட்டம், ஈர நிலம், இவற்றுக்கு நடுவே தன் வண்டியின் குறி. பிடித்து, அறுத்து, சாய்த்து, கிளை கழித்து, துண்டுபோட ஒரு மரத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. எந்தத் தடி எங்கே கிடக்கிறது என்பது அப்போதே பதிவாகிவிடுகிறது. பின்னால் வரும் தடியள்ளும் வண்டி, ஃபார்வேர்டர் என்பார்கள், அந்தப் பதிவைப் பார்த்தே அள்ளிக்கொண்டு போகிறது. பாரம் ஏற்றினால் அது 30 டன்னைத் தாண்டும். ஆற்றுப்படுகையில் ஒரு முறை உருண்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கருவிகளை நாம் பழிக்கவில்லை. முன்பெல்லாம் வடக்கு நாடுகளில் மரவெட்டு பெரும்பாலும் பனிக்கால வேலை. தரை கல்லாக உறைந்திருக்கும். வண்டி போனாலும் மண்ணுக்குக் காயமில்லை. இப்போது உறைபனிக் காலம் சுருங்கிவருகிறது. ஆலையோ ஆண்டு முழுக்க மரம் கேட்கிறது. இளகிய மண்ணில் இறங்கினால் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுகிறது, வேர் அறுகிறது, பள்ளத்தில் தேங்கிய சேறு மழையோடு ஓடைக்குப் போகிறது. நிலத்தடி நீர் எங்கே மேலே ஏறிவந்திருக்கிறது என்று உயர வேறுபாட்டை வைத்தே கணக்கிடும் முறையைக் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். சுவீடனின் காட்டுத்தொழில் ஆய்வு நிறுவனமான ஸ்கூக்ஃபோர்ஸ்க், ஈரத்தைத் தவிர்த்துக் குறைந்த தூரத்தில் தடியை வெளியே கொண்டுவரும் பாதையைக் கணினியே வரைந்துகொடுக்க வழி செய்தது. டீசல் மிச்சம், நேரம் மிச்சம், மண்ணுக்கும் நல்லது. இதையெல்லாம் மறுக்கிறவர் காட்டுக்கு நண்பரல்ல.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வரைபடங்கள் அனைத்தும் ஒரே கேள்விக்கு விடை தேடிப் பிறந்தவை: இந்த மரத்தைக் குறைந்த செலவில் எப்படி வெளியே கொண்டுவருவது? மண்ணைக் காப்பதும் அந்தக் கேள்விக்குள் அடங்கும் வரைதான் காப்பாற்றப்படுகிறது. வண்டி புதைந்தால் காசு நஷ்டம். அதனால் புதைகிற இடம் திரையில் தெரிகிறது. ஆற்றின் படுகை கெட்டியான சரளை. அங்கே வண்டி புதையாது. சக்கரத்தின் நன்மையை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு அது நல்ல பாதை.

‘ஓட்டுநர் செய்த தவறு’ என்ற சமாதானம் இந்த மாதிரி நேரங்களில் முதலில் வருவது. அதை நாம் ஏற்கவில்லை. பின்லாந்தில் காட்டு வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சிறு ஒப்பந்தக்காரர்கள். கோடிக்கணக்கில் கடன் வாங்கி இயந்திரம் வாங்கியவர்கள்; கனமீட்டர் கணக்கில் பணம் பெறுகிறவர்கள். இயந்திரம் நின்றால் தவணை நிற்காது. கூப்பின் திட்டத்தைப் போடுவது அவர்களல்ல. எங்கே ஆற்றைக் கடப்பது, கடக்கலாமா கூடாதா, பாலத்துக்குப் பணம் உண்டா இல்லையா என்பதெல்லாம் மேலே முடிவாகிறது, அல்லது மேலே யாரும் முடிவெடுக்காமல் விடுகிறார்கள். அடர்ந்த காட்டில் செயற்கைக்கோள் இடங்காட்டி சில மீட்டர் தவறலாம். ஓர் ஆற்றை அது தவறவிடாது. சிப்பி இருப்பது தெரியாது என்று ஒருவர் சொன்னால்கூட, ஆறு இருப்பது தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. பெயருள்ள ஆறு, எந்த வரைபடத்திலும் நீலக்கோடாக இருக்கிறது. ஒரு நாள் ஒரு முறை கடந்திருந்தால் கவனக்குறைவு எனலாம். திரும்பத் திரும்பக் கடந்தது என்றால் அந்தக் கூப்பில் அதுதான் பாதை என்று யாரோ ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

நசுங்கியது எப்படிப்பட்ட உயிர் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இந்தச் சிப்பியின் குஞ்சு, பிறந்ததும் சால்மன் அல்லது டிரவுட் மீனின் செவுளில் ஒட்டிக்கொள்கிறது. மாதக்கணக்கில் அங்கேயே வளர்ந்து, பிறகு ஆற்றடிச் சரளைக்குள் விழுந்து, ஆண்டுக்கணக்கில் கல்லுக்கு அடியிலேயே கிடக்கிறது. கல்லிடுக்கில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் மூச்சு. வண்டல் வந்து அடைத்தால் முடிந்தது. இனப்பெருக்கம் செய்யும் வயது வரவே பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். ஒரு காலத்தில் முத்துக்காக இவற்றை வாரி எடுத்து உடைத்தார்கள். ஆயிரம் சிப்பியில் ஒரு நல்ல முத்து கிடைத்தால் அதிர்ஷ்டம். அதற்குத்தான் 1955இல் தடை வந்தது. அப்புறம் வந்த கேடு இன்னும் மெதுவானது. மரம் வளர்ப்பதற்காகப் பின்லாந்தில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர் சதுப்பில் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். அந்தக் கால்வாய்களின் வண்டல் ஆறுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பல ஆறுகளில் கிழச் சிப்பிகள் மட்டும் உயிரோடு இருக்கின்றன, குஞ்சுகள் இல்லை. 2024இல் சக்கரம் ஏறியது இப்படி ஏற்கெனவே வாரிசு இல்லாமல் தவிக்கும் ஓர் இனத்தின் மீது.

சுவீடனில் நடந்தது இதைவிட நாசூக்கானது. அதனாலேயே நம் கண்டனத்துக்கு அதிகம் உரியது. அந்நாட்டின் காட்டுத்துறை 1990களிலிருந்து, அரிய உயிரினங்கள் வாழும் காட்டுத் துண்டுகளைத் தேடிக் கண்டுபிடித்துப் பதிவு செய்துவந்தது. முக்கிய வாழிடங்கள் என்று அவற்றுக்குப் பெயர். சான்றிதழ் பெற்ற மர நிறுவனங்கள் அங்கிருந்து மரம் வாங்க மாட்டா. காட்டுச் சொந்தக்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம்: ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக வெட்டாமல் வைத்திருந்த காடு, அதே காரணத்தால் விலைபோகாத சொத்தாகிவிடுகிறது, நஷ்டஈடும் இல்லை. இந்த நிலையில் நேர்மையான அரசு நஷ்டஈட்டுக்குப் பணம் ஒதுக்கியிருக்கும். காட்டுத்துறையினர் என்ன செய்தார்கள்? மரம் வெட்டப்போவதாக அறிவிப்பு வரும்போது அங்கே முக்கிய வாழிடம் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்வதை 2021 முதல் நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தயாரித்த நாடு தழுவிய மண் ஈர வரைபடம் இலவசமாக வெளியானது. சக்கரம் எங்கே புதையும் என்பதைக் காட்டும் வரைபடம் நாளுக்கு நாள் கூர்மையாகிறது. உயிர் எங்கே பிழைத்திருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடத்தில் புதுப் புள்ளி விழுவது நிற்கிறது. பார்க்காமல் இருந்துவிட்டால் பொறுப்பும் இல்லாமல் போய்விடும் என்ற கணக்கு இது. தெரியாமல் செய்த பிழைக்கு மன்னிப்பு உண்டு. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு ஏற்பாடு செய்துகொண்டவனுக்கு அது கிடையாது.

இதற்கு நேர் எதிரான காட்சியும் அதே சுவீடனில் இருக்கிறது. வடக்கே கலைமான் மேய்க்கும் சாமி மக்கள், 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, தங்கள் மேய்ச்சல் நிலங்களைத் தாங்களே வரைபடமாக்கிவருகிறார்கள். ரென்ஜிஸ் என்று ஒரு மென்பொருளே அதற்கு உண்டு. செயற்கைக்கோள் படத்தையும் மானின் கழுத்துப்பட்டையில் இருக்கும் இடங்காட்டியையும் வைத்து, பனிக்காலத்தில் மந்தை எங்கே தங்குகிறது, எந்த வழியாக நகர்கிறது, தரையில் மான்பாசி எங்கே மிச்சம் இருக்கிறது என்று குறிக்கிறார்கள். பனிக்காலத்தில் மானுக்கு அந்தப் பாசிதான் சோறு. பாசி செழித்த காடுகளின் பரப்பு அறுபது ஆண்டுகளில் 71 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2016இல் வெளியான ஆய்வு சொன்னது. மர நிறுவனத்தாரோடு பேச உட்காரும்போது, முன்பு வாய்வார்த்தையாக மட்டும் சொன்னதை இப்போது அவர்கள் வரைபடமாக விரிக்கிறார்கள். கருவி கிட்டத்தட்ட அதேதான், கேள்வி வேறு. ஆனால் அந்த மேசையில் கடைசி வார்த்தை இன்னும் மரம் வெட்டுகிறவருடையதாகவே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காட்டைக் கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டுவரும் இந்த வழக்கத்துக்கு நம் பக்கத்திலும் ஒரு வேர் உண்டு. 1856இல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பாளராக வந்த ஜெர்மானியர் டீட்ரிச் பிராண்டிஸ், காட்டுக்குள் கோடு பிடித்துப் போய், எதிர்ப்பட்ட தேக்கை எல்லாம் சுற்றளவு வாரியாகப் பிரித்து எண்ணினார். ஆண்டுக்கு எத்தனை வெட்டலாம் என்று அதிலிருந்து கணக்குப் போட்டார். 1864இல் அவரே இந்தியக் காடுகளின் முதல் தலைமை அதிகாரி ஆனார். கண்மண் தெரியாமல் வெட்டிக்கொண்டிருந்த வியாபாரிகளிடமிருந்து தேக்கை அந்தக் கணக்கு காப்பாற்றியது உண்மை. கோட்டில் எதிர்ப்பட்ட மற்ற மரம், மூங்கில், அங்கே குடியிருந்த மனிதர் என்று யாரும் அந்த எண்ணிக்கையில் வரவில்லை என்பதும் உண்மை.

இன்றைய இந்தியாவிலும் அந்தப் பழக்கம் போய்விடவில்லை. இந்திய வன அளவைத் துறையின் கணக்குப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர நிழல் 10 சதவீதத்தைத் தாண்டினால் அது காட்டுப் பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வி இல்லை. பழத்தோட்டமும் தென்னந்தோப்பும்கூட உள்ளே வந்துவிடும். செயற்கைக்கோளுக்குப் பச்சை எல்லாம் ஒன்றுதான். அந்தப் பச்சையை வைத்து ‘காடு பெருகியது’ என்று அறிக்கை விடுகிற மனிதர்களுக்குமா? பின்லாந்துக்காரரைப் பார்த்து நாம் உச்சுக்கொட்டுவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

மறுபடி பின்லாந்துக்கு வருவோம். வரைபடத்தால் மிச்சமாகும் டீசலும் நேரமும் காட்டுக்குத் திரும்பி வருகின்றனவா? வந்ததாகத் தெரியவில்லை. அங்கே ஆண்டுக்கு 7 கோடி கனமீட்டருக்கு மேல் மரம் வெட்டப்படுகிறது. 2022இல் உக்ரைன் போரைத் தொடர்ந்து ரஷ்ய மரத்தின் வரத்து நின்றதும் உள்நாட்டுக் காட்டின் மேல் நெருக்கடி கூடியது, விலையும் ஏறியது. நிலமும் காடும் சேர்ந்து கரியமில வாயுவை உறிஞ்சித் தரும் என்று நம்பித்தான் அந்நாடு தன் பருவநிலை இலக்கையே வகுத்திருந்தது. 2021ஆம் ஆண்டுக் கணக்கில் நிலமும் காடும் சேர்ந்து உறிஞ்சுவதைவிட அதிகமாக வெளியிட்டன என்று அந்நாட்டின் இயற்கை வள ஆய்வு நிறுவனமே 2022 இறுதியில் அறிவித்தது. வெட்டு மிகுந்ததும் மர வளர்ச்சி மந்தமானதும் வடித்த சதுப்புகளிலிருந்து வெளியாகும் வாயுவும் காரணங்கள். ஒவ்வொரு மரத்தையும் சிக்கனமாக எடுக்கத் தெரிந்த நாட்டுக்கு, மொத்தத்தில் எத்தனை எடுக்கலாம் என்ற இடத்தில் கை நிற்கவில்லை. வேலைவாய்ப்பு, ஏற்றுமதி, கிராமத்து வருமானம் என்று எதிர்வாதம் வரும். அவை பொய்யல்ல, சுவோமுஸ்ஸால்மியை உள்ளடக்கிய கைனூ போன்ற வட்டாரங்களில் காட்டை விட்டால் பிழைப்பு குறைவு. ஆனால் பிழைப்பு என்ற வாதம் ஆற்றுக்குப் பாலம் போடாததற்குப் பொருந்தாது. ஒரு தற்காலிகப் பாலத்தின் செலவால் எந்தக் காகித ஆலையும் மூடப்படுவதில்லை.

நம் தீர்ப்பை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம். ஹுக்காயோகியில் நடந்ததற்கு அறத்தின் கணக்கில் முதல் பொறுப்பு, மரத்தை வாங்கித் திட்டத்தை வகுத்த நிறுவனத்துக்கு, ஓட்டுநருக்கு அல்ல. நல்ல வரைபடம் கையில் இருந்தது என்பது அதன் குற்றத்தைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. அடுத்த பொறுப்பு அரசுக்கு. சோலிடியம் என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் வழியாக ஸ்டோரா என்சோவின் பெரிய பங்குதாரர்களில் ஒன்றாகப் பின்லாந்து அரசே இருக்கிறது. கண்காணிக்க வேண்டியவரும் லாபத்தில் பங்கு வாங்குகிறவரும் ஒருவரே. சுவீடனின் காட்டுத்துறையோ, தேடுவதை நிறுத்தியதன் மூலம் தன் கடமையையே கைகழுவிவிட்டது.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பொதுப் பணத்தில் அளந்த தரவைக் கம்பெனிகள் இலவசமாக எடுத்துக்கொள்கின்றன. பதிலுக்கு, வெட்டு முடிந்ததும் இயந்திரம் போன தடத்தைப் பொதுவில் வைக்கச் சட்டம் வேண்டும். அந்தத் தடம் ஏற்கெனவே இயந்திரத்துக்குள் பதிவாகத்தான் செய்கிறது. நீலக்கோட்டைத் தொடும் எந்தப் பாதைக்கும், ஆற்றை நேரில் போய்ப் பார்த்த ஒருவரின் கையெழுத்து இல்லாமல் திட்டம் திரையில் திறக்கவே கூடாது. பின்லாந்தில் வெட்டுக்குப் பத்து நாள் முன்பு அறிவித்தால் போதும், சுவீடனில் ஆறு வாரம். பத்து நாளில் பனிக்கு அடியில் கிடக்கும் ஆற்றடியை யார் போய்ப் பார்ப்பது? குறைந்தது ஒரு கோடைப் பருவம் கடந்த பிறகே அனுமதி என்று ஆற்றோரக் கூப்புகளுக்காவது விதி செய்யட்டும். சுவீடன் தன் வாழிடப் பதிவை நஷ்டஈட்டோடு சேர்த்து மீண்டும் தொடங்கட்டும். அதற்கான பணத்தை மரத்தை விற்கும் கம்பெனிகளிடமிருந்து கனமீட்டர் கணக்கிலேயே வசூலிக்கலாம், கூலியைக் கணக்கிடுவதுபோல.